மமாஸ் ஏந்திய குட்டி

லாக்கா என்ற மலையூரில் ஒரு கோயில் சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தால், அன்று பொழுது சாய்வதற்குள் அந்த இடத்தில் மறுபடியும் சுண்ணாம்பு பூசிவிட வேண்டும். உதிர்ந்த இடத்தில் என்ன தெரிந்தது என்று யாரும் யாரிடமும் கேட்பதில்லை. இதைச் சாமியார் பூசையில் சொன்னதில்லை. தாய் மகளுக்குச் சொன்னதில்லை. மருமகளாக வந்தவள், முதல் வருடம் தூரிகையோடு மலையேறும்போது, மற்றப் பெண்கள் எந்த இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்று பார்த்தே தெரிந்துகொள்வாள். அதற்கப்புறம் அவளும் திருப்பிக்கொள்வாள்.

காரணம் வேண்டுமானால் பக்கத்து ஊரான மேல் லாக்காவைக் காட்டலாம். அங்கே மாதா கோயிலில் ஒருமுறை சுண்ணாம்பு உதிர்ந்து, அடியில் மூடிக்கிடந்த பழைய ஓவியத்திலிருந்து ஒரு தேவதூதனின் சிறகு எட்டிப்பார்த்தது. வாய் அடங்காத ஒருவன் அதைத் துறைமுகத்தில் போய்ச் சொன்னான். நகரத்திலிருந்து, பழைய ஓவியங்களைக் காக்கும் அரசு அலுவலகத்துப் படித்தவர்கள் வந்தார்கள். நல்ல மனிதர்கள், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். போகும்போது இரும்புக் கதவு ஒன்றை மாட்டிப் பூட்டிவிட்டுப் போனார்கள். இன்று அந்தக் கோயிலை வழிவழியாக வைத்திருக்கும் குடும்பம் அதில் தானே விளக்கேற்ற வேண்டுமென்றாலும் பேருந்து பிடித்துத் துறைமுகத்துக்குப் போய்ச் சாவி கேட்கிறது.

லாக்காவுக்கு மேலே, படிப்படியாக ஏறும் கல்வரப்புகளுக்கு நடுவே நிற்கும் புனித மமாஸின் கோயிலுக்குப் பூட்டு இல்லை. ஆடு புகாதபடி கதவை ஒரு கம்பியால் சுற்றிக் கட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். மமாஸ் ஆடு மேய்த்த புனிதர். கோயில் வர்தானிஸ் குடும்பத்துடையது. அந்தக் குடும்பத்தின் இன்றைய தலைவன் ஸ்தமாத்திஸுக்கு ஊர்ச்சபையில் குரல் இல்லை, ஒலிவ மரங்களும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆனால் செப்டம்பர் தொடக்கத்தில் மமாஸின் பெருநாள் வரும்போது ஊர் முழுவதும் அவன் விருந்தாளி. கொப்பரையில் வேகும் கிடாய் அவனுடையது. பூசை முடிந்ததும் பெரிய அப்பத்தை அறுத்து முதல் துண்டை எடுப்பவன் அவன். அவனுடைய அப்பாவும் அம்மாவும் அந்தக் கோயிலின் கிழக்குச் சுவரை ஒட்டி மண்ணுக்குள் படுத்திருக்கிறார்கள். அவனை ஊரில் அழைப்பதே மமாஸ் கோயில் ஸ்தமாத்திஸ் என்றுதான். அந்தக் கோயிலை எடுத்துவிட்டால் அவன் பெயரில் பாதி போய்விடும்.

இன்னொரு மேய்ப்புக் குடும்பமும் ஊரில் உண்டு, கொந்திலிஸ். அதன் இன்றைய தலைவன் யாக்கோவோஸின் தாத்தா ஒரு பெருநாளன்று, அப்பம் அறுக்கும் நேரத்தில், இந்தக் கோயில் எங்களுடையது என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னாராம். எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்டார்கள். அவரிடம் காட்டுவதற்கு எதுவும் இல்லை; என் தகப்பன் சொன்னான் என்றார். ஊர் சிரித்தது. அன்றுமுதல் அந்தக் குடும்பம் பெருநாளுக்கு வரத் தவறியதும் இல்லை, வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்ததும் இல்லை. வெளியே கருவாலி மரத்தடியில் நின்று பூசை கேட்பார்கள். அப்பம் அவர்களுக்குக் கடைசியாகப் போகும்.

அந்த வருடம் ஆகஸ்ட் முடியும் தறுவாயில், ஸ்தமாத்திஸின் மனைவி எவ்தோக்கியா பெருநாளுக்கு வெள்ளையடிக்க மலையேறினாள். கழுதையின் ஒரு பக்கம் நீற்றிய சுண்ணாம்பு, மறு பக்கம் தண்ணீர்க் குடுவைகள். கூட வந்தவள் மரூசோ. எவ்தோக்கியாவின் மகன் நிக்கிஃபோரோஸுக்கு ஞானத்தாயாக நின்றவள். வடகாற்று அந்த மாதம் முழுவதும் அடித்து ஓய்ந்தபாடில்லை. பாவாடையைக் கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டுதான் நடக்க முடிந்தது. வரப்புகளில் தைம் செடியும் முள்ளும் காய்ந்து கறுத்து, மிதித்தால் பொடியாயின.

சென்ற வருடம் அவர்கள் ஏறவில்லை. நிக்கிஃபோரோஸ் கப்பலிலிருந்து விடுமுறையில் வந்திருந்தான். அம்மா வருடாவருடம் முதுகு உடையத் தூரிகை பிடிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், துறைமுகக் கடையிலிருந்து பிளாஸ்டிக் பெயிண்ட் வாங்கி வந்து, கோயிலின் உட்புறம் முழுவதும் தானே அடித்துவிட்டுப் போனான். சுவர் பளபளவென்று, பால் கிண்ணத்தின் உட்புறம்போல மின்னியது. ஊர்ப்பெண்கள் தடவிப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். சுண்ணாம்பு மூச்சு விடும், பெயிண்ட் விடாது என்பது யாருக்கும் தோன்றவில்லை. குளிர்காலத்து மழை கூரை வழியே சுவருக்குள் இறங்கியது. இறங்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்றது. வசந்தத்தில் விளக்கேற்றப் போனபோது சுவர் அங்கங்கே வயிறு உப்பியிருந்ததை எவ்தோக்கியா பார்த்திருந்தாள்.

"பத்து வருசத்துக்குத் தூரிகையே தொட வேண்டாம்னான் உன் மகன்," என்றாள் மரூசோ. "கப்பலுக்கு அடிக்கிறதக் கோயிலுக்கு அடிச்சுட்டுப் போயிட்டான். மமாஸ் என்ன மிதக்கவா போறாரு?"

"நல்லதுக்குத்தானே செஞ்சான்."

"நல்லதுக்குத்தான். என் ஞானப்பிள்ளையாச்சே, கெட்டதுக்கு அவனுக்கு மூளை ஏது?"

கம்பியை அவிழ்த்து உள்ளே குனிந்து நுழைந்தார்கள். அந்தக் கோயிலை எவ்தோக்கியா உடம்பாலேயே அறிந்திருந்தாள்: எந்த இடத்தில் தலையைத் தாழ்த்த வேண்டும், எந்தக் கல் ஆடும், பீடத்தின் பின்னால் எந்த மூலையில் பல்லி குடியிருக்கிறது, எல்லாம். பத்திருபது பேர் நின்றால் நிறைந்துபோகும் இடம். உள்ளே காற்றின் சத்தம் சட்டென்று நின்றது. மலையில் அப்படி நிற்கும் இடம் அது ஒன்றுதான்.

வடக்குச் சுவரில் உப்பியிருந்த இடத்தைத் தூரிகையின் கட்டையால் தட்டினாள். காலிப் பானையைத் தட்டியதுபோல் ஒலித்தது. விளிம்பில் விரலைக் கொடுத்து மெல்ல இழுத்தாள். அப்போது நடந்ததை அவள் பின்னால் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தாள். கிடாயை உரிக்கும்போது தோலுக்கும் சதைக்கும் இடையில் கைமுட்டியைச் செலுத்தியவுடன் தோல் மொத்தமாகத் தளர்ந்து இறங்குமே, அப்படி அந்தச் சுவர் தன் தோலைக் கழற்றிக் கொடுத்தது. மேலே மகனின் பெயிண்ட், அதற்குக் கீழே அவளுடைய சுண்ணாம்பு, அதற்கும் கீழே மாமியாருடையது, அவருக்கு முன்னால் வந்தவர்களுடையது, பெயர் தெரியாதவர்களுடையது, எல்லாம் ஒரே பலகையாய் அவள் கால்மாட்டில் சரிந்து உடைந்தன. வெள்ளைப் புழுதி எழுந்து கோயிலை மூடியது. இருமியபடி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். புழுதி இறங்க இறங்க, அதற்குள்ளிருந்து ஒருவர் நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாடி முளைக்காத இளைஞர். அவளுடைய உயரம். கையில் மேய்ப்பனின் வளைகோல். இடது கையில் ஒரு குட்டி, அடிவயிற்றைத் தாங்கி, முன்னங்கால்கள் முழங்கைக்கு மேலே தொங்க. ஆட்டுக்குட்டியைத் தூக்கிப் பழகியவர்கள் மட்டுமே அப்படித் தூக்குவார்கள். மேலங்கியின் சிவப்பு லாக்காவின் மண்சிவப்பு. மழை பெய்தபின் வரப்பு உடைந்த இடத்தில் தெரியுமே, அதே நிறம். யாரோ ஒருவன் இந்த மலையிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து அரைத்து இந்த மலையில் நடந்த ஒருவருக்குப் போர்த்தியிருக்கிறான். ஒளிவட்டத்தின் மஞ்சள் சற்று மங்கியிருந்தது. கண்கள் மங்கவில்லை. அவற்றின் கறுப்பு ஈரமாக, இப்போதுதான் வைத்தது போல் இருந்தது.

மரூசோ சிலுவை போட்டுக்கொண்டாள். போட்ட கையோடு திரும்பி வாசலைப் பார்த்து நின்றாள்.

"நான் எதையும் பாக்கல," என்றாள். "சுண்ணாம்பைக் கெட்டியாவே கரைச்சுத் தர்றேன். ரெண்டு பூச்சுப் பூசு. நான் கழுதைகிட்ட நிக்கறேன்."

வாளி வந்தது. மரூசோ போய்விட்டாள். எவ்தோக்கியா தூரிகையைத் தோய்த்துக் கையை உயர்த்தினாள்.

மணமகளாய் வந்த வருடத்திலிருந்து, சென்ற வருடம் நீங்கலாக, ஒவ்வொரு ஆகஸ்டிலும் அவள் நின்ற இடம் இதுதான். ஒவ்வொரு ஆகஸ்டிலும் இதே உயரத்தில் தூரிகையை வைத்து, இடமிருந்து வலமாக இழுத்திருக்கிறாள். பாட்டு முணுமுணுத்துக்கொண்டு, மரூசோவோடு ஊர்வம்பு பேசிக்கொண்டு, அடுப்பில் வைத்துவிட்டு வந்த பருப்பை நினைத்துக்கொண்டு இழுத்திருக்கிறாள். அவ்வளவு வருடமும் ஒரு விரல்கடைக்கும் குறைவான வெள்ளைக்கு அப்பால் இந்தக் கண்கள் திறந்தே இருந்தன. அவளுடைய தூரிகை அவற்றின் மேலேயே போய்வந்திருக்கிறது. அவர் இமைக்கவில்லை. கோபித்த முகமாகவும் அது இல்லை. பட்டி வாசலில் நின்று, கடைசி ஆடும் உள்ளே வரட்டும் என்று பார்த்திருக்கும் மேய்ப்பனின் முகம்.

தூரிகையிலிருந்து சுண்ணாம்பு சொட்டி மணிக்கட்டில் வழிந்து எரிந்தது. அவள் கையைத் தாழ்த்தவில்லை, முன்னால் கொண்டுபோகவும் இல்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. சன்னல் என்று சொல்ல முடியாத அந்தச் சிறு பிளவின் வழியே வந்த வெயில் நகர்ந்து, புனிதரின் தோளிலிருந்து இறங்கி, குட்டியின் தலையில் விழுந்தது. அப்போதுதான் அவள் அதன் காதைப் பார்த்தாள்.

குட்டியின் இடது காது நுனி தகைவிலான் குருவியின் வால்போல இரண்டாகப் பிளந்திருந்தது. பிளவுக்குக் கீழே ஒரு சிறு துளை.

மேய்ப்பவன் வீட்டில் வாழ்க்கைப்பட்டவளுக்குக் காதை வாசிக்க யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. வர்தானிஸ் ஆட்டுக்கு வலது காதின் நுனி நேராக வெட்டப்பட்டிருக்கும். குருவிவாலும் துளையும் கொந்திலிஸ் குறி. காதுக்குறியைத் தகப்பனிடமிருந்து மகன் பெறுவான். அதை யாரும் விற்பதில்லை, மாற்றுவதில்லை, இரவல் வாங்குவதும் இல்லை. இந்தச் சுவருக்கு ஓவியனை அழைத்து வந்து கூலி கொடுத்தவன் தன் பட்டியிலிருந்து ஒரு குட்டியைப் புனிதரின் கையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். யாக்கோவோஸின் தாத்தா காட்ட முடியாமல் போன சாட்சி அது. ஊர் சிரித்துக்கொண்டிருந்த அந்த நேரம் முழுவதும் அது சுண்ணாம்புக்குள் நின்றிருக்கிறது.

"முடிஞ்சுதா?" என்று மரூசோ வெளியிலிருந்து கேட்டாள்.

"இல்ல."

"பொழுது சாயுது."

"சாயட்டும்," என்றாள் எவ்தோக்கியா. தன் குரலைக் கேட்டு அவளுக்கே பயமாக இருந்தது.

ஸ்தமாத்திஸ் அன்று தாமதமாக வந்தான். வாற்கோதுமை ரொட்டியைத் தண்ணீரில் நனைத்து, தக்காளியும் புளித்த பாலாடைக்கட்டியும் வைத்து, எண்ணெய் ஊற்றிக் கொடுத்தாள். அவன் வாய் நிறைய மென்றபடி யாக்கோவோஸைத் திட்டினான். அவனுடைய சினையாடு ஒன்று வேலி தாண்டித் தங்கள் பட்டிக்குள் வந்துவிட்டதாம். அதைத் தானே இரண்டு மேடு தாண்டி எதிர்க்காற்றில் இழுத்துக்கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறானாம்.

"கட்டிப்போட்டுட்டு ஆள் சொல்லியனுப்பியிருக்கலாமே," என்றாள்.

"அடுத்தவன் குறி போட்ட ஆடு என் பட்டியில ராத்தங்கக் கூடாது."

"அவன் என்ன சொன்னான்?"

"என்னத்த சொல்லுவான்? அவனும் பேசல, நானும் பேசல. ஆடுதான் பேசுச்சு." பிறகு அவள் கைகளைப் பார்த்தான். வெள்ளையடித்த நாளில் அவள் நகக்கண்களில் சுண்ணாம்பு ஒரு வாரம் நிற்கும். இன்று இல்லை. மணிக்கட்டில் மட்டும் ஒரு சிவந்த கோடு. அவன் எதுவும் கேட்கவில்லை. ரொட்டியின் கடைசித் துண்டால் தட்டில் எண்ணெயைத் துடைத்துக்கொண்டே, நாளைக்குப் போய் வேலையை முடித்துவிடச் சொன்னான்.

"என்னால முடியாது."

"கை வலிக்குதா?"

"கை இல்ல."

அவன் மெல்லுவதை நிறுத்தினான். மேல் லாக்காவின் இரும்புக் கதவு அவன் மனதில் வந்துபோனது அவளுக்கு அவன் நெற்றியிலேயே தெரிந்தது. சரி, நானே போய்ப் பூசுகிறேன் என்றான். போனால் பார்த்தாக வேண்டும் என்று அவள் சொன்னாள். அவன் தட்டைத் தள்ளி வைத்தான். பார்க்காத மனிதன் யார் வந்து கேட்டாலும் தெரியாது என்று சொல்லலாம்; அது பொய் ஆகாது. ஸ்தமாத்திஸ் பொய் சொல்லத் தெரியாதவன். அதனாலேயே பல விஷயங்களைப் பார்க்காமல் இருக்கப் பழகியவன்.

"கேளு பொம்பளே," என்றான் கடைசியில். "எங்க அப்பனும் ஆத்தாளும் அந்தச் செவுத்துக்கிட்ட கிடக்காங்க. கதவப் பூட்டிட்டாங்கன்னா, அவங்களுக்கு வெளக்கு வைக்க நான் யாரு கால்ல போய் விழுறது? எனக்கு வேற என்ன இருக்கு சொல்லு. அந்த ஒரு நாள் இருக்கு. அந்த ஒரு அப்பம் இருக்கு."

அவள் அப்போது காதைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. பூட்டுக்குப் பயப்படும் மனிதனிடம், பூட்டே வராவிட்டாலும் அந்தக் கோயில் உன்னுடையது இல்லை என்று எப்படிச் சொல்வது? அவன் பேச்சு முடிந்தபின் அந்த ஒரு அப்பம் என்ற சொல் மட்டும் சமையலறையில் தங்கியிருந்தது. அவள் தட்டைக் கழுவினாள்.

துணி தொங்கவிடுவது என்று முடிவாயிற்று. அவளுடைய சீதனப் பெட்டியில், அவள் அம்மா நெய்த கம்பளித் துணி ஒன்று இருந்தது. சிவப்பும் கறுப்பும், ஓரத்தில் மாதுளைகள். பெருநாள் முடியும்வரை அதைச் சுவரில் கட்டித் தொங்கவிடலாம். முடிந்தபின் சாவகாசமாக, யாராவது கூலியாளைக் கொண்டு, துணிக்குப் பின்னாலிருந்தே பூசச் சொல்லலாம் என்றான் ஸ்தமாத்திஸ். துணிக்குப் பின்னாலிருந்து எப்படிப் பூசுவது என்று அவள் கேட்கவில்லை. அவனும் யோசிக்கவில்லை.

பெருநாளுக்கு முந்தின அந்த வாரம் அவள் ஒவ்வொரு நாளும் மலையேறினாள். விளக்குக்கு எண்ணெய் என்பாள், திரி என்பாள், பெருக்க வேண்டும் என்பாள்; போய்த் துணியை அவிழ்த்துவிட்டு நிற்பாள். காலையில் போனால் ஒருவர் இருந்தார், உச்சிப்பொழுதில் போனால் வேறொருவர். காலை வெளிச்சம் தரையிலிருந்து எழும்பி மேலே படும்போது முகம் சிறுபிள்ளையின் முகமாய் இருந்தது. நடுப்பகலில் நிழல் விழுந்து வயதேறியது. மாலையில் சிவப்பு மேலங்கி சுவரைவிட்டு ஓர் அடி முன்னால் வந்து நிற்பதுபோல் தோன்றியது. அப்போது கோயிலுக்குள் தைல வாசனையோ, சாம்பிராணியோ இல்லை. மழைக்கு முன்னால் வரும் மண்வாசனைதான் இருந்தது. அவள் முழங்காலிடவில்லை. அந்தக் கண்கள் அவளிடம் அதைக் கேட்கவில்லை. ஒரு வேலைக்காரி இன்னொரு வேலைக்காரரின் முன்னால் நிற்பதுபோல நின்றாள். ஒருநாள் தன்னையறியாமல், "தெரியாம பூசிட்டேன்," என்று வாய்விட்டுச் சொன்னாள். குட்டியின் காதின்மேல் பார்வை போகும்போதெல்லாம் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மரூசோ விடவில்லை. கிணற்றடியில் பிடித்துக்கொண்டாள். ஊருக்கே இதனால் ஆபத்து வரும், ஒரு கோயிலில் ஆரம்பித்தால் மற்றக் கோயில்களையும் சுரண்டிப் பார்க்க வருவார்கள், நாளைக்கு நம் வீட்டுக் கோயில்களுக்கெல்லாம் நாமே சாவி கேட்டு நிற்க வேண்டும் என்று நீளமாகச் சொன்னாள். சொன்னதில் பொய் இல்லை. எவ்தோக்கியாவுக்கும் அது தெரியும்.

"நீயும் பாத்தே," என்றாள் எவ்தோக்கியா.

"நான் கழுதையைப் பாத்தேன். வேணும்னா கழுதையக் கேளு."

அந்த நேரம் பார்த்து யாக்கோவோஸின் மனைவி ஃபொத்தினி குடத்தோடு வந்தாள். இருவரும் பேச்சை நிறுத்தியது அவளுக்குப் புரியாமல் இல்லை. ஒதுங்கி நின்று தன் முறைக்குக் காத்திருந்தாள். அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் ஒதுங்கி நிற்கும் விதம் ஒன்று கைவந்திருந்தது. குடம் நிரம்பும்போது, ஆட்டைக் கொண்டுவந்து விட்டதற்கு ஸ்தமாத்திஸிடம் சொல்லச் சொன்னாள். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. நன்றி என்ற சொல் இரண்டு வீடுகளுக்கிடையே நடந்து பழகாத சொல்.

"இந்த வருசமாவது உள்ள வந்து பூசை கேளேன்," என்றாள் எவ்தோக்கியா. ஏன் சொன்னோம் என்று சொன்னபின்தான் நினைத்தாள்.

ஃபொத்தினி சிரித்தாள். "மரத்தடியில காத்தாட இருக்கு. உள்ள வேர்க்கும்," என்று குடத்தைத் தூக்கினாள்.

பெருநாளன்று விடியும் முன்பே கொப்பரைகள் ஏறிவிட்டன. வெங்காயமும் கிடாய் இறைச்சியும் வேகும் மணத்தைக் காற்று பள்ளத்தாக்கு முழுவதும் கொண்டுபோய் ஊரை எழுப்பியது. பெண்கள் அத்திப்பழக் கூடைகளையும் முதல் திராட்சைக் குலைகளையும் இறக்கினார்கள். விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவது வீட்டுத்தலைவன் வேலை. ஸ்தமாத்திஸ் எண்ணெய்க் குப்பியோடு உள்ளே போனான். சுவர்ப்பக்கம் திரும்பாமல், பீடத்தை மட்டும் பார்த்துப் போய் வருவான் என்று எவ்தோக்கியா நினைத்தாள். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு கூடை உரித்து முடிந்தது. அவன் வரவில்லை. இன்னொரு கூடையில் கை வைத்தபோது வந்தான். தொப்பியைக் கையில் பிடித்திருந்தான். அவளைக் கடந்து போய், விறகு போதுமான அளவு இருந்தும், விறகு பிளக்க ஆரம்பித்தான்.

அவள் உள்ளே போய்ப் பார்த்தாள். துணி இடத்திலேயே இருந்தது. மாதுளைகள் வரிசை பிசகாமல் தொங்கின. ஆனால் மேல்முனையில் அவள் போட்டிருந்தது கொடியில் துணி உலர்த்தும் பெண்கள் போடும் முடிச்சு. இப்போது அங்கே இருந்தது கிடாயைக் கம்பத்தில் கட்டும் முடிச்சு.

அவிழ்த்திருக்கிறான். பார்த்திருக்கிறான். மேய்ப்பவன் கண் முதலில் போகும் இடம் காதுதான். பார்த்துவிட்டு, தன் கையாலேயே மறுபடி கட்டியிருக்கிறான்.

வெளியே கோடரிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் போய் அவன் எதிரில் நின்றாள். அவன் நிமிரவில்லை. அவன் மூடிவிட முடிவு செய்திருந்தால் அவள் என்ன செய்வாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தக் குறியை அறிந்தவர்கள் இப்போது இந்த மலையில் இரண்டு பேர். இரண்டு பேரும் ஒரே படுக்கையில் படுப்பவர்கள். ஊரே காத்துவரும் வழக்கம் அவர்கள் பக்கம் இருந்தது. பேசாமல் இருந்தால் போதும்; யாரும் கேட்கப்போவதில்லை. இதைவிடச் சுலபமாக ஒரு கோயிலைக் காப்பாற்றிக்கொள்ள யாராலும் முடியாது.

"விறகு போதும், மனுசா," என்று மட்டும் சொன்னாள்.

"தெரியும்," என்றான்.

பூசை தொடங்கியது. லெஃப்தேரிஸ் சாமியார் தூபக்கலசத்தை வீசிக்கொண்டு சுவர்களைச் சுற்றி வந்தார். துணியின் முன்னால் வந்தபோது அவர் கை ஒரு கணம் தயங்கியது. பிறகு துணிக்கும் தூபம் காட்டிவிட்டு நகர்ந்தார். உள்ளே வந்த பெண்கள் ஒவ்வொருவராக அதைப் பார்த்தார்கள். கம்பளி நல்ல கம்பளி என்றாள் ஒருத்தி. மாதுளைக்கு இந்தச் சிவப்பு எந்த வேரிலிருந்து எடுத்தது என்றாள் இன்னொருத்தி. இவ்வளவு நல்ல துணியைக் கரி பிடிக்கும் கோயிலில் ஏன் தொங்கவிட்டாய் என்று ஒருத்தி கேட்க வாயெடுத்து, மரூசோவின் முழங்கை பட்டதும், பூப்போட்ட தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. இவ்வளவு பேர் இவ்வளவு நேர்த்தியாக ஒரு பொருளைக் கேட்காமலிருப்பதை எவ்தோக்கியா அன்றுதான் முதன்முறையாகக் கவனித்தாள். அது ஒரு திறமை. அவளிடமும் அது இருந்தது. துணிக்குப் பின்னால் அவர் இமைக்காமல் நின்றுகொண்டிருந்தார். மெழுகுவத்திகளின் வெப்பத்தில் துணி மெல்ல அசைந்து, யாரோ மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கியது.

பூசை முடிந்து எல்லோரும் முற்றத்துக்கு வந்தார்கள். பலகைமேசையில் அப்பம் வைக்கப்பட்டது. சாமியார் ஆசீர்வதித்தார். வெளியே கருவாலி மரத்தடியில் யாக்கோவோஸும் ஃபொத்தினியும் அவர்கள் பிள்ளைகளும் வழக்கமான இடத்தில், வழக்கம்போலச் சற்றுக் குனிந்த தலைகளோடு நின்றார்கள். தங்கள் முறை கடைசியில்தான் வரும் என்று தெரிந்தவர்களின் பொறுமை அவர்களிடம் இருந்தது.

ஸ்தமாத்திஸ் கத்தியை எடுத்தான். அப்பத்தின் மேல் கத்திமுனையால் சிலுவை இட்டான். ஊர் காத்திருந்தது. அவன் அறுக்கவில்லை. கத்தியை அப்பத்தின் பக்கத்தில் வைத்தான். தொப்பியைக் கழற்றினான். தொப்பி படும் கோட்டுக்கு மேலே அவன் நெற்றி வெயில் காணாமல் வெளுத்திருந்தது. எவ்தோக்கியாவுக்கு அந்த வெளுப்பைப் பார்க்க மனம் கலங்கியது. அப்பாவும் அம்மாவும் படுத்திருக்கும் கிழக்குச் சுவரை அவன் ஒருமுறை பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அவளைத் தவிர அந்த முற்றத்தில் வேறு யாரும் இல்லாததுபோலப் பார்த்தான்.

மரூசோ ஓர் அடி முன்னால் வைத்தாள். அவள் கை உயர்ந்தது; எதைத் தடுக்க உயர்ந்ததோ, அது அதற்குள் சொல்லப்பட்டுவிட்டது.

"எவ்தோக்கியா," என்றான் ஸ்தமாத்திஸ், மரத்தடிவரை எட்டும் குரலில். "சுண்ணாம்பு உதிர்ந்துச்சே, அந்த எடத்துல என்ன தெரிஞ்சுது?"